ஜெயித்தவரும் அந்தப் படத்தில் இருக்கிறார்

வணக்கம் சார்,

நீங்கள் ஒரு கட்டுரையில் சொல்லியிருந்த ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ (2004) படத்தைப் போன வாரம் பார்த்தேன். டெக்சஸில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணி. விதிகள் தெரியாததால் யார் எதற்கு ஓடுகிறார்கள் என்றே பாதி நேரம் புரியவில்லை. ஆனாலும் கடைசி ஆட்டத்தில் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பார்த்தால் தோற்றுவிடுகிறார்கள். உண்மைக் கதை என்பதால்தானா? ஜெயிக்க வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

நான்கு வாய்ப்புகளில் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். படத்தைப் பார்க்க இந்த விதி போதும்.

உண்மைக் கதை என்பதால் தோற்கிறார்கள் என்று சொல்ல முடியாது. படத்தில் வரும் ஒடெஸா நகரின் பெர்மியன் பள்ளி 1988இல் டல்லாஸ் கார்ட்டர் பள்ளியிடம் தோற்றது அரையிறுதியில், 14-9 என்ற கணக்கில். படம் அதை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் நடக்கும் இறுதிப்போட்டி ஆக்கி, கோல் கோட்டுக்குக் கைக்கெட்டும் தூரம்வரை இழுத்துக்கொண்டு போகிறது. இவ்வளவையும் மாற்றியவர்கள் தோல்வியை மட்டும் தொடவில்லை.

ஜெயித்த ஒருவர் படத்தில் முதலிலிருந்தே இருக்கிறார், கவனித்தீர்களா? அணியில் ஆடும் டான் பில்லிங்ஸ்லியின் அப்பா. இளவயதில் பெர்மியனுக்கு ஆடி வென்ற மாநில சாம்பியன் மோதிரம் அவர் விரலில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. மகன் பந்தை நழுவவிட்டான் என்று குடிபோதையில் அவன் கைகளோடு பந்தை வைத்து டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறார். பார்க்கவே கூசுகிறது. உனக்கு இருப்பது இந்த ஒரு வருஷம்தான், நினைவுகளைச் சேர்த்துக்கொள் என்று அவரே பின்னால் மகனிடம் சொல்லும்போது, அவர் கொடுமைக்காரர் மட்டும் இல்லை, பயந்துபோன மனிதரும்தான் என்பது தெரிகிறது. பையன்கள் ஜெயித்திருந்தால் அவர்கள் விரலிலும் அந்த மோதிரம் ஏறியிருக்கும். அப்புறம்?

அணியின் நட்சத்திர ஆட்டக்காரன் பூபி மைல்ஸைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு இந்தப் படம் என்றால் அவன்தான். ஏற்கெனவே ஜெயித்துவிட்ட ஒரு ஆட்டத்தில் முழங்கால் போய்விடுகிறது. (நிஜத்தில் சீசன் தொடங்கும் முன் ஒரு பயிற்சி ஆட்டத்தில் பட்ட அடி அது.) தசைநார் கிழிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னால், அவர் போட்டி ஊரான மிட்லண்டின் ஆள், அதனால் பொய் சொல்கிறார் என்கிறான். பெரிய கல்லூரிகள் அவனைத் துரத்திக்கொண்டிருந்த நேரம். பின்னால் லாக்கரைக் காலி செய்துவிட்டு வரும்வரை சிரித்தபடி இருப்பவன், தன்னை வளர்த்த எல்.வி. மைல்ஸின் காருக்குள் உட்கார்ந்ததும் உடைந்து அழுகிறான். ஆடுவதைத் தவிர வேறெதுவும் தெரியாதே, இனி என்ன செய்வேன் என்று கேட்கிறான். பக்கத்தில் இருப்பவரிடம் பதில் இல்லை. இத்தனை தடவை பார்த்தும் அந்த இடத்தில் என்னால் கண்ணீரை அடக்க முடிந்ததில்லை.

அவனுக்கு வேறெதுவும் தெரியாமல் போனது அவன் குற்றமா? ஒடெஸாவில் அப்போது சுமார் 90,000 பேர் இருந்தார்கள். முழுக்க எண்ணெயை நம்பிய ஊர். 1986இல் எண்ணெய் விலை சரிந்ததும் வேலைகள் போயின. வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் ஆட 56 லட்சம் டாலரில் 1982இல் கட்டிய ஸ்டேடியம் அங்கே இருந்தது. படத்துக்கு மூலமான பிஸிங்கரின் புத்தகத்தில் ஒரு கணக்கு வருகிறது. பயிற்சியாளர் கெய்ன்ஸுக்கு ஆண்டுச் சம்பளம் 48,000 டாலர், இருபது வருஷம் பாடம் நடத்திய ஆங்கில ஆசிரியைக்கு 32,000 டாலர். அந்தக் கெய்ன்ஸையும் ஊர் சும்மா விட்டதா? ஒரு ஆட்டம் தோற்றதும் அவர் வீட்டு வாசலில் ‘வீடு விற்பனைக்கு’ பலகைகளைக் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஒரு விஷயத்தில் எனக்குப் படத்தோடு சண்டை உண்டு. கறுப்பினப் பையனான பூபியைப் பற்றி ஊரில் பெரியவர்களே எவ்வளவு கேவலமாகப் பேசினார்கள் என்பதைப் புத்தகம் ஒளிக்காமல் எழுதுகிறது. படம் அதைத் தொட்டும் தொடாமலும் போய்விடுகிறது. இறுதிப்போட்டியை மாற்றியதை என்னால் ஏற்க முடிகிறது, இதை முடியவில்லை. புத்தகத்தையும் கட்டாயம் படியுங்கள்.

படத்தின் முடிவை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். சீசன் முடிந்த பிறகு கெய்ன்ஸ் தன் அறையில், பள்ளியை முடித்துப் போகும் பையன்களின் பெயர்ப்பட்டைகளைப் பலகையிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறார். அடுத்த ஆண்டு, 1989இல், அவருடைய அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மாநில சாம்பியன் ஆனது. பில்லிங்ஸ்லியும் பூபியும் அவர்களுடைய சக ஆட்டக்காரன் வின்செலும் அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தார்கள்.

அன்புடன்.