செல்லின் உட்சட்டகம் பிரிவையும் திசு வளர்ச்சியையும் எவ்வாறு பாதிக்கிறது?

செல்லுக்குள் புரத இழைகளாலான வலைப்பின்னலே உட்சட்டகம். செல்லுக்கு வடிவம் தருவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறதா என்பது கேள்வி. இல்லை, செல் எப்போது, எத்திசையில் பிரிய வேண்டும் என்பதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஏறத்தாழ 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழல்கள் என்னும் உட்சட்டக இழைகள், கதிர்கோல் எனப்படும் இருமுனை கூம்பிய தொகுதியாக அமைந்து குரோமோசோம்களை இரு துருவங்களுக்கும் பிரித்துச் சேர்க்கின்றன. பின்னர், விலங்குச் செல்லின் நடுவே ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகளாலான வளையம், சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பதுபோல இறுகி, அதை இரண்டாக்குகிறது.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது, உட்சட்டகம் விசையை உணரும் விதம்தான். உறுதியான பரப்பில் செல் நன்கு விரிந்து ஒட்டும்போது ஆக்டின் இழைகள் விறைப்படைய, யாப் என்னும் புரதம் உட்கருவுக்குள் சென்று பெருக்கத்துக்கான மரபணுக்களைத் தூண்டுகிறது. செல்கள் நெருக்கமாக அடைந்து கிடக்கும்போதோ யாப் பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியிலேயே தங்கிவிடுவதால் பெருக்கம் தணிகிறது. நீட்டப்பட்ட செல்லில் கதிர்கோல் பெரும்பாலும் நீளவாக்கிலேயே அமைவதால், சேய்ச்செல்களும் அவ்வாக்கிலேயே அமர்ந்து, திசுவின் இழுவிசையைத் தளர்த்துகின்றன.