ஹாரர் கேமின் அட்டைப்படத்தில் பேயைக் காட்டலாமா?

கேள்வி: "தனியாளாக ஒரு ஹாரர் கேம் செய்துகொண்டிருக்கிறேன். கேம் விற்கும் இணையதளமான ஸ்டீமில் சீக்கிரம் அதற்கு ஒரு பக்கம் திறக்கப் போகிறேன். அட்டைப்படம் எப்படி இருந்தால் ஆட்கள் கிளிக் செய்வார்கள்? பேயைக் காட்டலாமா, மறைத்துவிடலாமா?"

தனியாளோ சிறு குழுவோ செய்யும் இண்டி கேம்களுக்கு அட்டைப்படம் வரைவது என் தொழில். அதில் ஹாரர்தான் அதிகம். வேலை கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பேயின் படத்தோடுதான் வருவார்கள். நான் அதைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: உங்கள் கேமை விளையாடுகிறவர் எதைச் செய்யப் பயப்படுவார்?

ஒருவர் "கதவைத் திறக்கப் பயப்படுவார்" என்பார். இன்னொருவர் "திரும்பிப் பார்க்க" என்பார். "மைக்கில் பேச" என்று சொன்னவரும் உண்டு. அந்தப் பதில் வந்துவிட்டால் பாதிப் படம் கிடைத்த மாதிரி. ஏனென்றால் ஹாரர் ரசிகர்கள் பயத்தை வகை பிரித்துத் தேடுகிறவர்கள். துரத்தல் பிடித்தவருக்கு மெதுவாக நகரும் கதை பிடிக்காமல் போகலாம். நண்பர்களோடு கத்திக்கொண்டே விளையாட நினைப்பவர் தனிமையைச் சொல்லும் படத்தைத் தாண்டிப் போய்விடுவார். இது எந்தப் பயம் என்பதை ஒரு நொடியில் சொல்வதுதான் அட்டைப்படத்தின் வேலை. படமே பார்ப்பவரைப் பயமுறுத்த வேண்டியதில்லை. அது கேமின் வேலை.

ஒரு உதாரணம். இரவுக் காவலாளி கேமரா அறையில் உட்கார்ந்து திரைகளைக் கண்காணிக்கும் கேம் என்று வைத்துக்கொள்வோம். வாயைப் பிளந்த முகத்தைப் பெரிதாகப் போட்டால் அது எந்த ஹாரர் கேமுக்கும் பொருந்தும். அதற்குப் பதில் காவலாளியின் முதுகை வரையுங்கள். எதிரே ஆறு திரைகள், ஐந்தில் காலி வராந்தாக்கள். ஆறாவதில் இதே அறை, இதே முதுகு, அவருக்குப் பின்னால் இன்னொருவர். விளையாடுகிறவரின் வேலை என்ன, ஆபத்து எங்கே என்று இரண்டும் தெரிந்துவிட்டது. பேயின் முகம் தேவையே படவில்லை.

சரி, இந்த யோசனை அழகாக இருக்கிறது. ஆனால் சின்ன அளவில் செத்துவிடும். ஆறு திரை தெரியாது, ஆறாவதில் இருப்பது சுத்தமாகத் தெரியாது. கடையில் கேமைக் காட்டும் அட்டைப்படத்தை ஸ்டீம் கேப்சூல் என்கிறது. அதில் சின்ன கேப்சூல் என்று 462×174 பிக்சலில் ஒரு படம் கொடுக்க வேண்டும். அதிலிருந்து ஸ்டீமே 184×69, 120×45 என்று இன்னும் இரண்டு அளவுகளைச் செய்துகொள்ளும். 120×45 என்பது கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம்தான் பெரிது. தேடல் பட்டியல் போன்ற இடங்களில் உங்கள் கேமை முதன்முதலாகப் பார்க்கிறவர் இப்படிப்பட்ட குட்டிப் படத்தைத்தான் பார்க்கிறார். அதனால் நான் வரையத் தொடங்குவதே அந்த அளவில்தான். கேன்வாஸைச் சின்னதாக வைத்து, கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்றே நிறங்களில் திட்டுத் திட்டாக வைத்துப் பார்ப்பேன். அங்கே உருவம் படிந்தால்தான் பெரிதாக்குவேன். காவலாளி கேமில் அப்போது மிஞ்சுவது ஒரு தலை, ஒரே ஒரு ஒளிரும் திரை, அந்த வெளிச்சத்தில் தலைக்குப் பின்னால் தெரியும் இன்னொரு உருவத்தின் விளிம்பு. மீதி ஐந்து திரைகளைப் பெரிய படத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சின்ன கேப்சூலில் லோகோவே, அதாவது கேமின் பெயரை எழுதிய வடிவமே, கிட்டத்தட்ட முழு இடத்தையும் அடைத்துக்கொள்ளட்டும். ஸ்டீமின் வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. இங்கேதான் ஹாரர் கேம்கள் அதிகமாகக் கோட்டை விடுகின்றன. ரத்தம் வடியும் எழுத்து, நகத்தால் கீறிய எழுத்து, சிதைந்த டைப்ரைட்டர் எழுத்து எல்லாம் பெரிதாகப் பார்க்க மிரட்டலாக இருக்கும், சுருக்கினால் வெறும் கறை. தடித்த, எளிய எழுத்தை எடுத்துக்கொண்டு அதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை வையுங்கள். ஒரு எழுத்து கொஞ்சம் சரிந்திருக்கலாம், ஒரு சுழிக்குள் ஒரு கண் இருக்கலாம். அது போதும்.

அடுத்து இருட்டு. ஸ்டீமின் பக்கப் பின்னணியே கருநீலம். அதன் மேல் கறுப்பான படத்தை வைத்தால் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. சிவப்பை வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. திரையில் வெள்ளை நிறத்தின் பிரகாசத்தில் சிவப்பின் பங்கு ஏறக்குறைய 21 சதவீதம்தான். பச்சைக்கு 72, நீலத்துக்கு 7. முழுச் சிவப்பே அவ்வளவுதான் என்றால், ரத்தத்தின் அடர்சிவப்பு கறுப்புக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட கறுப்பாகவே படும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் உடனே புரியும். இருட்டு இருக்கட்டும், அதற்குள் ஒரு வெளிச்சம் வேண்டும். டார்ச்சின் மஞ்சள், பழைய டிவியின் வெளிறிய நீலம், நோய் பிடித்த மாதிரி ஒரு பச்சை, எதுவானாலும் சரி. 2017-இல் வந்த லிட்டில் நைட்மேர்ஸை நினைத்துப் பாருங்கள். அந்த மங்கலான, பிரம்மாண்டமான உலகத்தில் மஞ்சள் மழைக்கோட்டுக் குழந்தை எத்தனை சிறிதாக இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். குழந்தைக்கும் உலகத்துக்கும் உள்ள அந்த உருவ அளவு வித்தியாசமேதான் அந்த கேமின் பயம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பேயின் உருவம் தனித்துவமாக இருந்து, அதோடு நேருக்கு நேர் மோதுவதுதான் கேம் என்றால் தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் முழுசாகக் காட்டாதீர்கள். அளவு தவறிய ஒரு கை, மனிதருக்கு இருக்கக் கூடாத உயரம், கதவுச் சட்டத்துக்கு மேல் குனிந்து பார்க்கும் நெற்றி என்று ஒரு பகுதி போதும். மீதியைப் பார்ப்பவரின் மனசு வரைந்துகொள்ளும். எதிர்பாராமல் வந்து திடுக்கிட வைப்பதுதான் உங்கள் பேயின் பலம் என்றால் ஒளித்தே வையுங்கள். வெள்ளை உடை, முகத்தை மறைத்த நீண்ட கறுப்பு முடி என்றால் என் கருத்தில் மறைப்பதே நல்லது. ஹாரர் பக்கத்தில் அது ஏற்கெனவே நிரம்பி வழிகிறது.

ஓவியரிடம் கொடுப்பதாக இருந்தால் உருவம், பின்னணி, லோகோ மூன்றையும் தனித்தனி லேயராக வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன கேப்சூல் ரொம்ப அகலம், வாங்கியவரின் கேம் பட்டியலில் வரும் லைப்ரரி படம் 600×900 என்று நெட்டையானது. ஒரே படத்தை வெட்டி இரண்டுக்கும் போட்டால் ஒன்றில் தலை போகும், மற்றொன்றில் லோகோ போகும். 3840×1240 லைப்ரரி பின்னணியில் எழுத்தே இருக்கக் கூடாது, லோகோவை அதன் மேல் தனியாக வைப்பார்கள். அப்புறம், 2022 செப்டம்பர் முதல் கேப்சூலில் கேமின் ஓவியம், பெயர், துணைத்தலைப்பு தவிர வேறெதுவும் போடக் கூடாது என்பது ஸ்டீம் விதி. விருது, மதிப்பெண், தள்ளுபடி எதையும் எழுத முடியாது. படத்தில் ஏஐ பயன்படுத்தியிருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

இண்டி கேம்களுக்கான இன்னொரு தளமான இட்ச்.ஐஓ வேறு மாதிரி. அங்கே 630×500 அளவு, கேமின் பெயர் படத்துக்குக் கீழேயே தனியாக வரும். அதனால் லோகோவைச் சிறிதாக்கிவிட்டு ஓவியத்துக்கு இடம் கொடுக்கலாம். ஜிஃப் படமும் போடலாம். எல்லாம் அசையாமல் இருக்க, ஒரு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தால் போதும்.

கேமில் இல்லாததை மட்டும் வரையாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்வேன். பிளேஸ்டேஷன் 1 காலத்துக் கரடுமுரடான கிராஃபிக்ஸில் கேம் செய்துவிட்டு, பளபளவென்று எண்ணெய் ஓவியம் போல அட்டை போட்டால், கிளிக் செய்து வந்தவர் முதல் ஸ்க்ரீன்ஷாட்டிலேயே திரும்பிவிடுவார். ஏமாந்து வாங்கினாலும், ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கரடுமுரடைத் தேடி அலைகிற ரசிகர் கூட்டமே இருக்கிறது. அவர்களுக்கு அதையே காட்டுங்கள்.

படம் தயாரானதும் ஸ்டீமின் ஹாரர் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நடுவில் உங்களுடையதை ஒட்டுங்கள். உங்கள் கேமைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் போனில் காட்டி, இரண்டு நொடியில் மறைத்துவிட்டு, "எது ஞாபகம் இருக்கிறது, அது என்ன மாதிரி கேம்?" என்று கேளுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பக்கம் திறந்த பிறகு படம் எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை முறை உள்ளே வந்தார்கள் என்பதை, கேம் செய்பவர்களுக்கான ஸ்டீம்வொர்க்ஸ் தளத்தின் டிராஃபிக் அறிக்கை காட்டும். பிறகு வாங்கலாம் என்று குறித்து வைப்பவர்களின் விஷ்லிஸ்ட் கணக்கையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். பார்வைகள் நிறைய இருந்து உள்ளே வருகிறவர்கள் குறைவு என்றால் அட்டையை மாற்றலாம். உள்ளே வந்தும் விஷ்லிஸ்டில் சேர்க்கவில்லை என்றால் முதலில் டிரெய்லரையும் ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் பாருங்கள். அட்டையை மாற்றுவதானால் விழாவோ தள்ளுபடியோ இல்லாத சாதாரண வாரத்தில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எண்ணிக்கை ஏறியது எதனால் என்று பிரித்துச் சொல்லவே முடியாது.