மழைத்தோட்டத்தை மூடிவிடலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. பொங்கோலில் எங்கள் கொண்டோவின் (தனியார் அடுக்குமாடி வளாகம்) கார் நிறுத்துமிடத்தை ஒட்டி, தரையைவிடத் தாழ்வாக ஒரு செடிப்பாத்தி இருக்கிறது. மழை பெய்தால் அதில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. கொசு வரும், மண் கொட்டி நிரப்பி டைல்ஸ் பதித்துவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். செய்யலாமா?
- குழு உறுப்பினர், பொங்கோல்

பதில்: செய்யாதீர்கள் தம்பி. தண்ணீர் நிற்கட்டும் என்றுதான் அதைப் பள்ளமாகத் தோண்டியிருக்கிறார்கள். அது மழைத்தோட்டம். மேலே செடி, அதற்குக் கீழே மணல் கலந்த வடிமண், பிறகு பெருமணல், அடியில் சல்லி, சல்லிக்குள் ஓட்டை போட்ட குழாய். சிங்கப்பூரில் பல இடங்களில் களிமண். தண்ணீர் தானாக இறங்காது. அதனால்தான் அந்தக் குழாய். காரிலிருந்து விழும் எண்ணெய், டயர்த் தூசி, சேறு எல்லாம் மண்ணிலேயே தங்கிவிட, ஓரளவு தெளிந்த நீர் குழாய் வழியாக வாய்க்காலுக்குப் போகும். இந்தத் தீவின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு, மழைநீரைக் குடிநீருக்காகச் சேர்க்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி. உங்கள் கார் நிறுத்துமிடத்தைக் கழுவிய மழை, சுற்றி வந்து உங்கள் சமையலறைக் குழாயிலேயே வரலாம்!

கொசு விஷயத்துக்கு வருகிறேன். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். ஒழுங்காகக் கட்டிய மழைத்தோட்டம் ஒரு நாளுக்குள் வடிந்துவிடும். எனவே மழை விட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள், மறுநாள் அதே நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். வடிந்திருந்தால் குழுவில் இருப்பவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மூடி கழன்ற குழாய், பூந்தொட்டித் தட்டு, ஏர்கான் தண்ணீர் சொட்டும் இடம், இங்கெல்லாம்தான் நான் கொசுவைத் தேடுவேன்.

வடியவில்லை என்றால் மேல்மண்ணைச் சந்தேகப்படுங்கள். நிலவனப்பு வேலையில் மேற்பார்வை பார்த்த காலத்தில் நான் அதிகம் கண்ட தொல்லை இதுதான். கட்டட வேலை முடியும் முன்பே பாத்தியை அமைத்துவிடுவார்கள். சிமெண்ட் கழுவிய தண்ணீரும் களிமண் சேறும் அதில் இறங்கி, மேலே ஒரு தோல் போலப் படிந்துவிடும். அந்தப் படிவை மண்வெட்டியால் சுரண்டி எடுத்து, அதே வகை வடிமண்ணைப் போட்டாலே பாதி இடங்களில் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் அடிக்குழாய் அடைத்திருக்கும். பாத்தியில் மூடி போட்ட செங்குத்துக் குழாய் ஒன்று நிற்கும், அதன் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை எடுக்கச் சொல்லுங்கள்.

தோட்டக்காரர் ஒருவர் நல்ல மனதோடு கறுப்பு மண் மூட்டைகளுடன் வந்து நிற்பார். தடுத்துவிடுங்கள். பாத்தி நடுவே மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கம்பி மூடியோடு ஒரு குழி தெரியும். பெருமழையில் மிஞ்சும் நீர் அதில் விழுந்து வாய்க்காலுக்குப் போகும். அது அசிங்கமாக இருக்கிறது என்று சொல்லி அந்த மட்டத்துக்கு மண் நிரப்பிய ஒரு கொண்டோவை எனக்குத் தெரியும். அன்றோடு மழைத்தோட்டம் போய், சாதாரணப் பூப்பாத்திதான் மிச்சம்.

இன்னொன்று. 2014 ஜனவரியிலிருந்து, 0.2 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட இடத்தில் புதிதாகக் கட்டுபவர்களும் இடித்துக் கட்டுபவர்களும் பெருமழையில் ஒரேயடியாக வழிந்தோடும் நீரைத் தங்கள் வளாகத்துக்குள்ளேயே மட்டுப்படுத்த வேண்டும் என்பது, தண்ணீர் நிர்வாகத்தைப் பார்க்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. மாலையில் அலுவலகம் விட்டதும் எல்லாரும் ஒரே லிஃப்டுக்கு ஓடினால் என்ன ஆகும்? எல்லா வளாகத்து நீரும் ஒரே நேரத்தில் வாய்க்காலில் விழுந்தாலும் அதுதான் நடக்கும். உங்கள் கட்டடம் இந்த விதிக்குப் பிறகு வந்தது என்றால், அந்தப் பாத்தி அனுமதி வாங்கிய வரைபடத்தில் ஒரு பகுதியாக இருக்கலாம். பொறியாளர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டாமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

கேள்வி: இந்தச் செடிகொடிகள் ஆர்ச்சர்ட் சாலை வெள்ளத்தை நிறுத்திவிடுமா? பீஷானில் நல்ல கான்கிரீட் கால்வாயை உடைத்து ஆறாக்கியது வீண் செலவு இல்லையா?
- அங் மோ கியோ வாசகர்

பதில்: முதல் கேள்விக்கு, நிறுத்தாது. 2010, 2011-ல் அங்கே பார்த்த மாதிரி மழைக்குப் பாத்தி எம்மாத்திரம்! அதற்காகத்தான் தாவரவியல் பூந்தோட்டத்தின் பக்கம் பூமிக்கடியில் 38,000 கன மீட்டர் கொள்ளும் ஸ்டாம்ஃபோர்ட் தேக்கத்தொட்டியையும், தண்ணீரைத் திருப்பிவிட 2 கிலோமீட்டர் கால்வாயையும் கட்டி 2018-ல் முடித்தார்கள். தினசரி மழைக்குச் செடி, பேய்மழைக்குத் தொட்டி. இரண்டும் வேண்டும்.

இரண்டாவதில் நான் உங்கள் கட்சி இல்லை. பீஷான் பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டர் நேர்க் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றுப் பகுதி, 2012-ல் சுமார் 3 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறானது. முன்பு 24 மீட்டர் அகலத்தைத் தாண்டாத தண்ணீர், இன்று புல்வெளியில் ஏறி ஏறக்குறைய 100 மீட்டர் வரை விரியலாம். பழைய கால்வாயைவிட அதிக நீரை அது தாங்கும். மழை இல்லாத நாளில் அதே புல்வெளியில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். எச்சரிக்கை ஒலி கேட்டால் மட்டும் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் புளோக் பக்கத்து மழைத்தோட்டத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைக்கலாமா ஐயா?
- ஈசூன் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. வேரில் தண்ணீர் நின்றால் கறிவேப்பிலைக்கு ஆகாது. மழைத்தோட்டத்துக்கு, ஒரு நாள் மூழ்கியும் ஒரு வாரம் காய்ந்தும் பிழைக்கிற வெட்டிவேர் மாதிரிச் செடிதான் சரி. நீங்கள் கன்று வைத்தால் அப்புறம் எருவும் போடுவீர்கள். அந்த எரு கரைந்து நேராக வாய்க்காலுக்குப் போகும். தார்ச்சாலை அழுக்கு இறங்கும் மண்ணில் முளைத்த இலையை ரசத்தில் போடவும் எனக்கு மனம் வராது. வெயில் படுகிற பக்கமாக ஒரு தொட்டியில் வையுங்கள், அடித்தட்டில் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.