பித்தளைக் குமிழ் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் உங்கள் பழைய ஃபியட்டைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பாவிடம் ஒரு காண்டஸா கிளாசிக் கார் இருந்தது. 1991 மாடல், 1.8 பெட்ரோல், வெள்ளை. அப்பா பெங்களூர் அல்சூரில் கட்டட மேஸ்திரியாக இருந்து காண்ட்ராக்டர் ஆனவர். வருஷத்துக்கு மூன்று தடவை அந்த வண்டியில் ஆறு பேராகப் போளூருக்குப் போவோம். கடைசிக் காலத்தில் கண் மங்கி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வண்டி நின்று ஏழு வருஷம். காம்பவுண்டுக்குள் தூங்குமூஞ்சி மரத்தடியில் நீலத் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், சிவாஜிநகர் குஜரியில், அதாவது பழைய சாமான் சந்தையில், போட்டுவிட்டு இடத்தைக் காலி பண்ணச் சொல்கிறார். ஒரு ஒர்க்‌ஷாப்காரர் வந்து பார்த்து, புது டர்போ டீசல் இன்ஜின், அகல டயர், மேட் கறுப்புப் பெயிண்ட், ‘இந்தியன் மஸில் கார்’ ஆக்கித் தருகிறேன் என்றார். ஆறு லட்சம் கேட்கிறார். சின்ன வயசில் எனக்கும் அதுதான் கனவு. ஆனால் அப்படிச் செய்தால் அது அப்பா வண்டியாக இருக்குமா என்று தூக்கம் வரவில்லை. அப்பா வைத்திருந்தபடி ஒரிஜினலாக ஆக்குவதா, என் ஆசைப்படி ஆக்குவதா? இல்லை, இதெல்லாமே வெறும் சென்டிமென்ட்தானா?

அம்மா எதுவும் சொல்வதில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் தார்ப்பாயை விலக்கி, பானட்டில் சந்தனம் வைத்து, முன்டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார். வண்டி நகராததால் பழம் நசுங்குவதில்லை. காய்ந்த பழத்தைத் தை மாதம் நான்தான் எடுத்துப் போடுகிறேன்.

ஆறு படங்கள் இணைத்திருக்கிறேன். மாமாவும் உங்கள் தளத்தைப் படிக்கிறவர். என் பெயரைப் போட வேண்டாம்.

ரா.

*

அன்புள்ள ரா.,

படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் ஒரு சாயங்காலம் போயிற்று. அதற்கு முதலில் நன்றி.

மஸில் கார் பேச்சை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்காவில் அந்தப் பெயர் பெற்றவை, நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய வண்டியின் வி-8 இன்ஜினைத் திணித்தவை. 1964-இல் வந்த பான்டியாக் ஜிடிஓ-வைத்தான் பெரும்பாலோர் முதல் வண்டியாகச் சொல்வார்கள். 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன். இன்சூரன்ஸ் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன. நம்முடைய காண்டஸா வேறு சாதி. இங்கிலாந்தில் 1970-களில் ஓடிய வாக்ஸ்ஹால் விக்டரின் உடம்பை வாங்கிவந்து, 1984-இலிருந்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. நீள மூக்கு, நாலு ஹெட்லைட், பார்த்தால் அசல் பயில்வான். உள்ளே வைத்ததோ அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். பயில்வான் சட்டைக்குள் கணக்குப்பிள்ளை. பிறகுதான் ஜப்பான் இசுசுவின் 1817 சிசி இன்ஜினும் ஐந்து கியரும் வந்து வண்டிக்கு மானம் வந்தது. உங்கள் அப்பா வாங்கியது அந்த நல்ல சம்பந்தத்தை. ஆறு பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போளூர் வரை போய்த் திரும்பியிருக்கிறது, அதற்கு இப்போது என்ன குறை?

எனவே டர்போ டீசல் வேண்டாம். காரணம் பக்தி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் அதை உறுதிசெய்தது. ஆர்.சி.யில் பெட்ரோல், பானட்டுக்குள் டீசல் என்றால் எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, போகும் அன்று மாட்டிக்கொள்வீர்கள். அதற்கு முன்னால் எங்காவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்க இது ஒன்று போதும். தவிர, இன்ஜினை மட்டும் பெரிதாக்கி முப்பது வருஷத்துப் பிரேக்கோடு ஓசூர் ரோட்டில் இறங்குவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த ஒர்க்‌ஷாப்காரர் உங்களிடம் பேசியதில் பிரேக் என்ற சொல்லே வரவில்லை, கவனித்தீர்களா? டயர், பெயிண்ட், இன்ஜின். போட்டோவில் தெரிகிறவை, காதுக்குக் கேட்கிறவை.

அப்படியானால் ஒரிஜினலா? அந்தச் சொல்லால் நான் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா ஜாலஹள்ளி எச்எம்டி தொழிற்சாலையில் டர்னர், லேத்தில் உலோகம் கடைகிறவர். எங்களுடையது 1979 பிரீமியர் பத்மினி. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, ஃபியட்தான். 1089 சிசி, ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர் கம்பி, வெண்ணெய் நிறம். ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியின் பிளாஸ்டிக் குமிழ் எப்போதோ உடைந்துபோக, அப்பா பித்தளையில் ஒன்று கடைந்து மாட்டினார். விரல் வழுக்காமலிருக்க அதைச் சுற்றி மெல்லிய நர்லிங் வேறு, நாணயத்தின் விளிம்பு மாதிரி. வெயிலில் நிறுத்தினால் குமிழ் கொதிக்கும். தொட்டவர்கள் எல்லோரும் கையை உதறுவார்கள். அவர் மட்டும் வேட்டி நுனியால் பிடித்துச் சுற்றுவார். வருஷங்கள் போகப்போக, கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும் நர்லிங் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது.

அவர் போன மறுவருஷம், வண்டியை ‘ஃபேக்டரியிலிருந்து வந்த மாதிரி’ ஆக்கித் தரும்படி ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மூன்று மாதம் என்றார்கள், பதினோரு மாதம் ஆயிற்று. வந்தபோது கண்ணைப் பறித்தது. அம்மா ஆரத்தி எடுத்தார். நான் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினேன். கையில் பட்டது கறுப்புப் பிளாஸ்டிக். “அதுவா சார், யாரோ லோக்கல்ல அடிச்சது, தூக்கிப் போட்டுட்டோம். இது ஒரிஜினல்” என்றான் பையன், பெருமையாக. அவன் மேல் தப்பில்லை. நான்தானே ஒரிஜினல் ஒரிஜினல் என்று உயிரை எடுத்தேன்? அவர்களுடைய குப்பைத் தொட்டியையும் பின்னால் இருந்த இரும்புக் குவியலையும் ஒரு நாள் முழுக்கக் கிளறினேன், கிடைக்கவில்லை. இரண்டு மழைக்காலம் போனதும் கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்புளித்தது. துருவை வெட்டி எடுக்காமல் மேலேயே பட்டி பார்த்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்த கதை. அதைச் சரிசெய்தாயிற்று, அந்தக் கோபமும் போயிற்று. குமிழ் போனதுதான் போகவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஷோரூமிலிருந்து வந்த காண்டஸாவைத் திரும்பக் கொண்டுவராதீர்கள், உங்கள் அப்பா கடைசியாக ஓட்டிய காண்டஸாவைக் கொண்டுவாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு மரச்சட்டம் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறது. அதில் மூன்று ஆணிகள். ரசமட்டமோ தூக்குக்குண்டோ மாட்டுவதற்கு அடித்ததாக இருக்கலாம், உங்களுக்குத்தான் தெரியும். அது எந்தக் கம்பெனியும் கொடுத்ததில்லை. ஒர்க்‌ஷாப்காரர் முதல் நாளே பிடுங்கப் போவது அதைத்தான். ‘கழற்றக் கூடாதவை’ என்று ஒரு தாள் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை விடுங்கள். ஓட்டுநர் இருக்கை எந்தப் பல்லில் நிற்கிறது என்று, அது முன்னும் பின்னும் நகர்கிற தண்டவாளத்தில் ஒரு கோடு போட்டுவையுங்கள். கழற்றுகிற ஒவ்வொன்றையும் பையில் போட்டுப் பெயர் எழுதச் சொல்லுங்கள். உடைந்ததையும் எறியவிடாதீர்கள். 2002-இல் உற்பத்தி நின்ற வண்டி. கண்ணாடி ரப்பருக்கும் பீடிங்குக்கும் ஜேசி ரோடு முழுக்க அலைந்தாலும் பழைய துண்டைச் சாம்பிளாகக் காட்டித்தான் ஒத்துப்போவதைத் தேட முடியும், இல்லையென்றால் புதிதாகச் செய்யச் சொல்ல முடியும்.

இனி வேலை. இன்றைக்கே செய்ய வேண்டியது, அந்த நீலத் தார்ப்பாயை எடுப்பது. மழையை விடத் தார்ப்பாய்தான் வண்டியைத் தின்கிறது. தரையிலிருந்து எழும் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்து வேகவைக்கிறது. மேலே தகரக் கொட்டகை போட்டு நாலு பக்கமும் காற்றாட விடுங்கள். பெங்களூரில் கடல் காற்று இல்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் தூங்குமூஞ்சி மரம் இருக்கிறதே! அதன் பொடி இலைகள் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடை வழியாக உள்ளே போய், தண்ணீர் வடிகிற துளைகளை அடைத்துவிடும். அப்புறம் மழைத்தண்ணீர் கால் வைக்கிற இடத்தில்தான் இறங்கும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கிற பள்ளம், பேட்டரித் தட்டு, சக்கர வளைவுகள், கதவுக்குக் கீழ்ப்பட்டை, எல்லா இடத்திலும் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். நல்ல தகரம் என்றால் சடக்கென்று ஒட்டும். பட்டி போட்ட இடத்தில் வழுக்கி விழும்.

ஆசைக்காகக்கூட சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். ஏழு வருஷத்துப் பெட்ரோல் வார்னிஷாகியிருக்கும், மூடியைத் திறந்தால் வாசனையே சொல்லும். டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றச் சொல்லுங்கள். வழியில் இடறாமல் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. பெட்ரோல் போகிற ரப்பர் ஹோஸ் எல்லாமே மாறவேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அந்தக் காலத்து ரப்பருக்கு ஆகாது. ஹோஸ் கசிந்து சூடான இன்ஜின் மேல் சொட்டினால் என்னவாகும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

அடுத்தது பிரேக். மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர்களின் ரப்பர், ஹோஸ், ஆயில், ஒன்றையும் விடாதீர்கள். டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கிற மேடு, நன்றாக இருக்கிறதே என்று நினைப்பீர்கள். ஐந்தாவது படத்தில் அதன் பக்கவாட்டில் 2313 என்று தெரிகிறது. 2013-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். பட்டன் எப்படி இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். மாற்றுங்கள்.

பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. கையில் இருக்கிற பணத்தை முதலில் பெயிண்ட்டில் கொட்டிவிட்டு, இன்ஜினுக்குக் கடன் தேடி அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், கண்ணாடியிலும் ஒருவரைப் பார்க்கிறேன். துருவை வெட்டித் தகரம் வைத்துப் பற்றவைத்து, பிரைமரோடு ஆறு மாதம் ஓட்டினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். பெயிண்ட் அடிக்கும்போது வெள்ளையே அடியுங்கள். அகல டயர் ஆசையும் வேண்டாம், ஸ்டீயரிங் கனக்கும்.

காகிதம். வண்டியின் சொந்தக்காரர் இறந்தால் 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றக் கேட்க வேண்டும் என்பது விதி. தாண்டிவிட்டீர்கள், அபராதத்தோடுதான் ஆகும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் அக்காவும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தருவது, மூன்றையும் சேர்த்துவையுங்கள். ஆர்.சி. 15 வருஷம் முடிந்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டியது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 10,000 ரூபாய், தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 500 தனி. ‘விண்டேஜ்’ என்று போட்டுத் தப்பிக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதற்கு 50 வயது ஆகவேண்டும். முதன்முதலில் வந்த காண்டஸாவுக்கே 2034-இல்தான் ஐம்பது.

மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இதையும் படிப்பார் என்பதால் பயந்துகொண்டே எழுதுகிறேன். அவர் கேட்பது இடம். வண்டி ஓட ஆரம்பித்தால் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்காது. போளூருக்கு அவரையும் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போங்கள்.

சென்டிமென்ட்தானா என்று கேட்டீர்கள். ஆமாம், சென்டிமென்ட்தான். அதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? லாபம் பார்க்கிற காரியம் இல்லை என்பது மட்டும் தெரிந்திருந்தால் சரி. விற்கிற நோக்கம் இருந்தால் மாமா சொல்வதே புத்திசாலித்தனம்.

ஆயுத பூஜைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதற்குள் முழுக்க முடியாது. இன்ஜினும் பிரேக்கும் முடிந்துவிடும். எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி ஓரடி நகர்ந்தால் போதும். அன்றைக்கு ஸ்டீயரிங்கில் நீங்கள் உட்காருங்கள், அம்மா வாசலில் நிற்கட்டும்.

இன்ஜின் நம்பர் படம் மங்கலாக இருக்கிறது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்து அனுப்புங்கள். வருகிற ஞாயிறு காலை அல்சூர் ஏரிப் பக்கம் வருவேன். காந்தம் என்னிடம் இருக்கிறது.