கடல் கேள்வி-பதில்: மூச்சடக்கத் தெரிந்தவருக்கு ஸ்கூபா பயிற்சி தேவையா?

கேள்வி: எங்கள் குடும்பத்தில் தாத்தா காலம் முதல் சிப்பி பறிக்கிறோம். நானும் மூச்சடக்கி முங்கிப் பழகியவன். வேலை நிமித்தமாக பாலித் தீவுக்குச் செல்கிறேன். அங்கே கரையோரமாகவே மூழ்கிக் கிடக்கும் கப்பலை ஸ்கூபா முறையில், அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு முங்கி, பார்க்கலாம் என்கிறார்கள். எனக்கும் பயிற்சி வேண்டுமா? கப்பலுக்குள் நுழையலாமா?
- ஒரு வாசகர், கடியபட்டணம்

பதில்: நீங்கள் சொல்வது துலாம்பென் கடற்கரையில் கிடக்கும் ‘லிபர்ட்டி’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலாக இருக்க வேண்டும். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலுக்கு உள்ளாகி, கட்டி இழுத்துவரும் வழியில் நீர் புகுந்ததால் அங்கே கரையேற்றப்பட்ட அது, 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. அதன் மேற்பகுதி ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்திலும், அடிப்பகுதி 30 மீட்டரை ஒட்டியும் இருக்கிறது.

பயிற்சி கட்டாயம் வேண்டும். உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வேண்டும் என்பேன். சிப்பிக்காக முங்கும்போது, மேலே இழுத்த மூச்சு நீரின் அழுத்தத்தில் சுருங்கி, நீங்கள் ஏறிவரும்போது பழைய அளவுக்குத்தான் திரும்புகிறது. ஸ்கூபாவிலோ, 10 மீட்டர் ஆழத்தில் ரெகுலேட்டர் என்ற வாய்க்கருவி சிலிண்டரிலிருந்து தரும் காற்று, மேற்பரப்பைப்போல இருமடங்கு அழுத்தத்தில் நெஞ்சை நிறைக்கிறது. அதை அடக்கிக்கொண்டு ஏறினால், மேலே வருவதற்குள் அது இருமடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழிகள் இரத்தத்தில் கலந்து மூளைவரை போய்விடக்கூடும். ஓரிரு மீட்டர் ஏற்றத்திலேயே இது நேரலாம் என்பதால், ஆழம் குறைவுதானே என்ற தைரியம் இங்கே உதவாது. பயிற்சியாளர்கள் ‘மூச்சை நிறுத்தாதே’ என்பதை முதல் விதியாக வைத்திருப்பதும் இதனால்தான். காதடைப்பை நீக்கும் வித்தை உங்களுக்குக் கைவந்தது. அந்த ஒன்றில் நீங்கள் முந்திக்கொள்வீர்கள்.

பயிற்சியாளர் உடன்வர, அறிமுக முறையில் 12 மீட்டர் வரை இறங்கலாம். முதல்நிலைச் சான்றிதழ் பெற்றால் 18 மீட்டர் வரை போகலாம். கப்பலில் பார்க்கத்தக்கதில் பெரும்பகுதி அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

உள்ளே நுழைய வேண்டாம். தலைக்கு மேல் துருப்பிடித்த இரும்பு இருக்கையில் ஆபத்து நேரத்தில் நேராக மேலே ஏற வழியில்லை. துடுப்புக் காலணி ஒருமுறை வண்டலைக் கிளறிவிட்டால் வந்த வழியும் மறைந்துவிடும். அதற்கென்று தனிப் பயிற்சியும் வழிகாட்டிக் கயிறும் உண்டு. வெளியிலேயே டார்ச் அடித்துப் பாருங்கள்: நீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடுவதால் மங்கிய பழுப்பாகத் தெரிந்த கடற்பஞ்சு, வெளிச்சம் பட்டதும் செக்கச்செவேலென்று ஆகும். ஆனால் பாறையைப் பற்றும் பழக்கத்தில் இரும்பைப் பற்றிவிடாதீர்கள். அதே நிறத்தில் ஒட்டிக்கிடக்கும் தேள்மீனின் முள்ளில் விஷம் உண்டு.

கரை முழுக்க உருளைக் கற்கள். முட்டம் பாறைகளில் ஏறி இறங்கியவருக்கும், முதுகில் சிலிண்டரோடு அது வேறு அனுபவம். சளி பிடித்திருந்தால் அன்று இறங்கக் கூடாது. பல முறை இறங்கியபின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேர இடைவெளி தேவை. திரும்பும் பயணச்சீட்டை அதற்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள்.