அலுமாரிக்குள் வேகும் ராஸ்பெரி பை: விசிறி வாங்க முதல்

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். அவர்களுடைய வாசிகசாலையில் ஒரு ராஸ்பெரி பை 4, அதாவது ஒரே போர்டில் அடங்கிய சின்னக் கணினி, இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பியது. தமிழ் விக்கிப்பீடியாவையும் பாட வீடியோக்களையும் அதில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இன்டர்நெட் இல்லாமலேயே பிள்ளைகள் வைஃபையில் பார்க்கிறார்கள். வாசலில் பூட்டிய கமராவின் பதிவும் இரவு பகலாக அதே போர்டில்தான் ஓடுகிறது. காலை எட்டு மணிக்குப் பார்த்தால் சிப்பின் வெப்பநிலை 66 பாகை. பகல் இரண்டு மணிக்கு 83 பாகை. அந்த நேரத்தில் வீடியோ நின்று நின்று ஓடுகிறது. போர்ட் இருப்பது தகரக் கூரைக்குக் கீழே, பூட்டிய இரும்பு அலுமாரிக்குள். நகரத்துக் கடைக்காரர் ஒருவர், கோபுரம் போல உயர்ந்த ஹீட்சிங்கும் (சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு) லைட் எரியும் இரண்டு விசிறியும் கொண்ட செட் ஒன்றை 9,500 ரூபாவுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதைப் போடாவிட்டால் போர்ட் எரிந்துவிடும் என்றும் சொன்னாராம். வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

வேண்டாம் ரீச்சர். இப்போதைக்கு அந்தக் காசைக் கையில் வைத்திருங்கள்.

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். போர்ட் எரியாது. பை 4 தன்னைத் தானே காத்துக்கொள்ளும். சிப் 80 பாகையைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும், 85இல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். உங்கள் வீடியோ நிற்பதற்கு அதுதான் காரணம். எரிந்துவிடும் என்று சொல்லி விற்பவரிடம் எத்தனை பாகையில் எரியும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இந்தப் பயத்தைக் காட்டி விற்பது எங்கள் பக்கத்தில் மிகவும் கூடிவிட்டது. வாங்குபவர்கள் பெரும்பாலும் உங்களைப் போல ஊருக்காகச் செய்கிறவர்கள், சேர்த்த காசு. அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. காலையில் வாசிகசாலைக்குள் 28 பாகை இருக்கும் என்று வைப்போம். சிப் 66. அப்படியானால் சிப் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட 38 பாகை கூடச் சூடாக இருக்கிறது. வேலை மாறாவிட்டால் இந்த வித்தியாசமும் பெரிதாக மாறாது. பகலில் சிப் 83 என்றால், 38ஐக் கழித்துப் பாருங்கள், 45 வருகிறது. அதாவது உங்கள் அலுமாரிக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 45 பாகை. வெளியே நிழலில் 36தான் இருக்கும். மிச்சம் 9 பாகையும் தகரமும் இரும்பும் சேர்ந்து கொடுத்தவை. போர்டை வெளியே எடுத்து வைத்தாலே 36உம் 38உம் சேர்ந்து 74. ஒரு ரூபா செலவில்லாமல் 80க்குக் கீழே வந்துவிடுவீர்கள். தோராயக் கணக்குத்தான், என்றாலும் வழி சரியானது.

எந்த விசிறியும் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்காது. பூட்டிய அலுமாரிக்குள் இரண்டு விசிறி சுழன்றாலும் அதே 45 பாகைக் காற்றைத்தான் திரும்பத் திரும்ப ஊதும். அதற்குத்தான் 9,500 ரூபா கேட்கிறார்கள்.

இருப்புப் புத்தகத்தில் பதிந்த பொருள் பூட்டிய அலுமாரிக்குள்தான் இருக்க வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். களவு போகக் கூடாது என்பது நியாயம். ஆனால் மின்சாரத்தில் ஓடும் பொருளைக் காற்றில்லாத பெட்டிக்குள் பூட்டச் சொல்கிறவர்கள், ஒருநாள் பகல் இரண்டு மணிக்கு வந்து அந்த அலுமாரிக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். மேசை, கதிரைக்கு எழுதிய விதியை அப்படியே கணினிக்கும் வைத்திருக்கிறார்கள். கேட்டால் மேலிடத்துச் சுற்றறிக்கை என்பார்கள். நீங்கள் அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஒரு அடி உயரத்தில் கம்பி வலைக் கூண்டு ஒன்று செய்வித்து, தலைமட்டத்துக்குக் கீழே வடக்குச் சுவரில் அடியுங்கள். பூட்டும் போடலாம், காற்றும் போகும். புத்தகத்தில் “பூட்டிய கூண்டு” என்று எழுதிவிடுங்கள். கூரைக்குக் கிட்டே மட்டும் வைக்க வேண்டாம். சூடான காற்று மேலேதான் நிற்கும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கரண்ட் போதாவிட்டாலும் பை வேகத்தைக் குறைக்கும். வோல்ட் 4.63க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை காட்டும். பழைய போன் சார்ஜரும் நீண்ட மெல்லிய வயரும் என்றால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பை 4க்குத் தேவை 5.1 வோல்ட், 3 அம்பியர்.

சரி, ஹீட்சிங்க். கூண்டுக்கு மாற்றிய பிறகு இது ஒன்றே உங்களுக்குப் போதும். சிப்பின் சூட்டைப் பெரிய பரப்புக்குப் பரப்பிக் காற்றிடம் கொடுப்பதுதான் அதன் வேலை. அதனால் விரல் நக அளவில் இருக்கும் குட்டித் துண்டுகளில் காசு போட வேண்டாம். மூன்று நான்கு துண்டு சேர்த்து ஒரு பொதியாக விற்பார்கள், ராம் (நினைவக) சிப்புக்கு ஒன்று, யூஎஸ்பி சிப்புக்கு ஒன்று என்று. சூடு பெரும்பாலும் வருவது நடுவிலுள்ள பிரதான சிப்பிலிருந்து. போர்ட் முழுவதையும் மூடும், சிறகு போல எழும்பி நிற்கும் செட்டைகள் கொண்ட அலுமினியத் தகடு, மேலும் கீழும் இரண்டு பாதியாக ஆணி முடுக்கிப் பூட்டுவது, அதைக் கேளுங்கள். நல்லதாக இருந்தால் அந்த 38 பாகை வித்தியாசத்தில் 10 முதல் 20 பாகை வரை குறையும். செட்டைகள் நிமிர்ந்து நிற்கும்படி போர்டைச் செங்குத்தாக வையுங்கள், சூடான காற்று தடையில்லாமல் மேலே போகும்.

முழுவதும் மூடிய உலோகப் பெட்டி வாங்கினால் வைஃபை சுருங்கும். பிள்ளைகள் வைஃபையில் பார்ப்பதால் உங்களுக்கு இது முக்கியம். ஒரு சின்ன ரவுட்டரைப் பக்கத்தில் வைத்து, பையிலிருந்து அதற்கு வயர் கொடுத்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். செம்பு நிறத்தில் இருப்பதெல்லாம் செம்பு இல்லை. அலுமினியத்துக்குச் செம்பு நிறம் பூசி இரட்டை விலைக்கு விற்கிறார்கள். கையில் எடுத்துப் பாருங்கள்: செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். அடிப்பக்கத்தைக் கத்தி நுனியால் கீறினால் வெள்ளி நிறம் தெரிந்துவிடும். கீற விடமாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம். உண்மையில் உங்களுக்குச் செம்பு தேவையும் இல்லை, இந்தச் சிறிய சூட்டுக்கு அலுமினியம் தாராளம்.

சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் வைக்கும் மெத்தென்ற பட்டைக்கு இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். இரண்டையும் உரிக்க வேண்டும். என்னிடம் “ஹீட்சிங்க் போட்டும் சுடுகிறது” என்று வந்த போர்டுகளில் பலவற்றைக் கழற்றிப் பார்த்தால் ஒரு தாள் அப்படியே கிடக்கும். சூப்பர் குளூ போட வேண்டாம். ஒட்டிய குட்டி ஹீட்சிங்குகள் எங்கள் வெயிலில் இளகிக் கழன்று, போர்டின் ஓரத்தில் ஊசி போல வரிசையாக நிற்கும் பின்கள் மேல் விழுந்து போர்டையே ஷோர்ட் ஆக்கியதையும் பார்த்திருக்கிறேன். ஆணி முடுக்குவதைக் கேட்கச் சொன்னது அதனால்தான்.

கொழும்பிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று நடுவில் நிற்பவர்களிடமும் கவனம். வாரண்டி உண்டு என்பார்கள். பழுதானால் கொழும்புக்கு நீங்களே அனுப்ப வேண்டும், பார்சல் காசும் உங்களுடையது, ஒரு மாதம் கழித்து “வெப்பத்தால் வந்த பழுது, வாரண்டி இல்லை” என்று திரும்பி வரும். வெப்பத்தைக் குறைக்க வாங்கிய பொருளுக்கே எனக்கு அப்படி ஒரு பதில் வந்தது. வன்னியில் இருப்பவர் கேள்வி கேட்க அத்தனை தூரம் வரமாட்டார் என்ற நினைப்புத்தான். பில்லில் பொருளின் முழுப் பெயரையும் வாரண்டி எங்கே பார்க்கப்படும் என்பதையும் எழுதி வாங்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்து, பங்குனி சித்திரை வெயிலிலும் பகல் இரண்டு மணிக்கு 75ஐத் தாண்டினால் மட்டும் விசிறியைப் பற்றி யோசியுங்கள். 40 மில்லிமீற்றர், 5 வோல்ட், மெதுவாகச் சுழலும் ஒன்று போதும். சின்ன விசிறி அதே காற்றைத் தர வேகமாகச் சுழல வேண்டும், இரைச்சலும் கூட, ஆயுளும் குறைவு. போல் பேரிங் (குட்டி உருண்டைகள் மேல் சுழலும் வகை) உள்ளதைக் கேளுங்கள். மற்றதில் எண்ணெய் சூட்டில் காய்ந்துவிடும். சிவப்பு வயரை 4ஆம் பின்னிலும் கறுப்பை 6ஆம் பின்னிலும் கொடுங்கள். கூடச் சத்தம் என்றால் சிவப்பை 1ஆம் பின்னுக்கு மாற்றலாம், 3.3 வோல்ட்டில் மெதுவாகச் சுழலும். சூடு கூடும்போது மட்டும் ஓடட்டும் என்று இரண்டு வயர் விசிறியை மற்றப் பின்களில் நேரே செருக வேண்டாம். அந்தப் பின்கள் விசிறிக்குத் தேவையான கரண்ட்டைத் தாங்கமாட்டா, போர்ட் போய்விடும்.

விசிறி போட்டால் தூசும் வரும். உங்கள் பக்கம் கிரவல் றோட்டு. சோளகக் காற்று பிடித்துவிட்டால் செம்மண் தூள் செட்டைகளுக்குள் அப்பி, விசிறி இல்லாதபோது இருந்ததைவிட மோசமாகும். மாதம் ஒருமுறை மாவரிக்கும் பிரஷால் தட்டிவிடுங்கள்.

கடற்கரைக்காரர் இதைப் படித்துவிட்டு விசிறி வாங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்ல வேண்டும். கொக்கிளாய், செம்மலை, அளம்பில், முல்லைத்தீவு நகரம், மாத்தளன், இந்தக் கரையில் கடலுக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு விசிறி கூடவே கூடாது. அங்கே காற்றில் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக ஈரத்தை இழுத்து நீராகும், அந்த நீர் கரண்ட்டைக் கடத்தும். இரவில் அந்தக் கரையில் ஈரப்பதன் அதைத் தாண்டுவது சாதாரணம். விசிறி செய்வது அந்த உப்பைக் கூட்டி அள்ளி நேரே போர்டின் மேல் கொட்டுவது. செம்மலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு போர்டில் பின்கள் பச்சை பூத்து, ஊசியால் தொட்டாலே உதிர்ந்தன. விசிறி மட்டும் புதிதுபோல ஓடிக்கொண்டிருந்தது. இவர்களுக்கு மூடிய அலுமினியப் பெட்டிதான், வைஃபை சுருங்கினாலும் பரவாயில்லை. அதிலும் செம்புத் துண்டையும் அலுமினியத்தையும் ஒன்றோடு ஒன்று முட்ட வைக்கக் கூடாது. உப்பு ஈரம் நடுவில் பட்டால் இரண்டும் சேர்ந்து பற்றரிபோல வேலை செய்து, அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிபடும். பெட்டிக்குள் சிப்பின் மேல் செம்புத் தகடு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடைவெளிக்குத் தடிப்பான பட்டையை வையுங்கள். உங்கள் ஊர் உள்ளே இருப்பதால், ரீச்சர், இது உங்களுக்கு இல்லை.

பை 5 வைத்திருப்பவர்கள் ராஸ்பெரி பை நிறுவனமே விற்கும் ஆக்டிவ் கூலரை வாங்குங்கள். அதன் வயரைச் செருகப் போர்டிலேயே தனி இடம் இருக்கிறது, 50 பாகையில் தானாக ஓடத் தொடங்கும்.

நீங்கள் நாளைக்கே அலுமாரிக் கதவைத் திறந்து வைத்து, கமராவையும் ஓடவிட்டு, பகல் இரண்டு மணிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து எழுதி வைத்து அந்த மூன்று எண்களையும் எனக்கு அனுப்புங்கள். கூண்டின் அளவையும் ஹீட்சிங்கையும் அதைப் பார்த்தே சொல்கிறேன்.