உறைபனியில் கேம்பர் ட்ரெயிலர்: குழாய் வெடிக்காமலிருக்க

வணக்கம். தை மாதம் கல்லடியிலிருந்து கனடாவின் கல்கரிக்குப் போய், தம்பியின் பிக்கப்பில் கேம்பர் ட்ரெயிலரை, அதாவது உள்ளே படுத்துறங்கும் இழுவை வண்டியை, கொழுவி மலைப்பக்கம் மூன்று இரவு தங்கவிருப்பதாகவும், போனமுறை அவருக்குக் குழாய் வெடித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அங்கே ஆறு குளிர்காலம் ட்ரெயிலர் இழுத்தவன் என்பதால், இப்போது ஆரையம்பதியில் மின்விசிறிக்கடியில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருப்பதால்தான் குழாய் வெடிக்கிறது. மூன்று இரவுக்காக அதைச் சூடாக வைத்திருக்கப் போராடுவதைவிட, தண்ணீர்த் தாங்கியையும் சுடுநீர்க் கலத்தையும் முற்றாக வடித்து, கேம்பருக்கென விற்கும், குளிரில் குழாயை வெடிக்கவிடாத புரொப்பிலீன் கிளைக்கோல் திரவத்தைக் குழாய்களில் ஓடவிட்டு, குடிநீரைக் கலன்களில் கொண்டுபோவதே நல்லது. காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு, அதைத் தொடவேண்டாம்.

சூடேற்றவும் சமைக்கவும் கொண்டுபோகும் எரிவாயு புரொப்பேனாகவே இருக்கட்டும். அது மறை 42 பாகை செல்சியஸ்வரை ஆவியாகும். பியூட்டேனோ பூச்சியத்தை அண்டியதுமே அடங்கிவிடும்.

முதல் இரவு நான் குளிருக்குப் பயந்து யன்னல்களை இறுக மூடிவிட்டேன். எங்கள் மூச்சின் ஈரமே படிந்து, விடியும்போது மெத்தையின் ஓரம் சுவரோடு உறைந்து ஒட்டியிருந்தது. கூரைத் துவாரத்தைச் சற்றுத் திறந்தே வையுங்கள். எரிவாயு எரியும்போது சேரக்கூடிய நச்சு வாயுவான காபன் மோனொக்சைட்டுக்குரிய எச்சரிக்கைக் கருவியையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

அயல் மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் நுழைவதானால், அங்குள்ள மலைப்பாதைகளில் ஒக்ரோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்கால டயர் கட்டாயம். ட்ரெயிலரின் நிறையில் 10 முதல் 15 வீதம் பிக்கப்பின் கொழுவியில் இறங்கும்படி சாமான்களை அடுக்குங்கள். பின்பாரம் கூடினால் பனிவீதியில் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும்.